இரவில் உழைப்போர் கைவிளக்கு: எண்ணைப் பார்ப்பதா, இருளைப் பார்ப்பதா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஞாயிறு மறைந்ததும் உழைப்பு ஓய்ந்துவிடுவதில்லை. எழுவான்கரையில் வைத்தியசாலைத் தாதியர் இரவுக் கடமைக்குப் புறப்படுகின்றனர். படுவான்கரையில் கமக்காரர் வட்டைக் காவலுக்காக வாடியை நோக்கி நடக்கின்றனர். இரு கரைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவியிலே மீனவர் தோணியைத் தள்ளி இறாலுக்கு வலை விரிக்கின்றனர். காற்றில் மின்கம்பி அறுந்தால் நள்ளிரவென்றும் பாராது ஏணியைத் தோளிற் சுமந்து செல்லும் மின்சார ஊழியரும் உளர். ஊர் உறங்கும் வேளையில் ஊருக்குச் சோறும் கறியும் மருந்தும் வெளிச்சமும் தேடித் தருவோர் இவர்களே.

இவர்களின் கையில் இருக்கும் வெளிச்சம் எத்தகையது? இக்கேள்வியை நம்மிற் பெரும்பாலோர் கேட்டதே இல்லை. “டோச் லைற்தானே, கடையில் அகப்படுவதை வாங்கினாற் போகிறது” என்று படித்தவரும் எண்ணுகின்றனர், பாமரரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது, சில வேளைகளில் உயிருக்கே உலை வைப்பது. மண்வெட்டியும் வலையும் எப்படித் தொழிற்கருவிகளோ, அப்படியே இரவில் உழைப்பவருக்குக் கைவிளக்கும் ஒரு தொழிற்கருவியாகும். தொழிற்கருவியைத் தொழிலறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கண்டு தேர்ந்தெடுத்தலாகாது. இரவு வேலைக்கு ஆளை அனுப்புவோர் அக்கருவியைக் கொடுத்தே அனுப்புதல் வேண்டும். இவ்விரண்டையும் வற்புறுத்தவே இன்று எழுதுகிறோம்.

ஒரு காலத்தில் தென்னோலைச் சூளும், குப்பி விளக்கும், அரிக்கன் லாம்பும் நம்மவர்க்குத் துணையாயிருந்தன. பின்னர் மூன்று பற்றரி போட்ட நீண்ட டோச் வந்தது. போர்க்காலத்தில் பொழுது சாய்ந்தபின் வெளியில் இறங்குவதே உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. கிழக்கில் 2007இலும் நாடு முழுவதிலும் 2009இலும் போர் ஓய்ந்தபின்னரே இரவு மீண்டும் உழைப்பவனுக்கு உரியதாயிற்று. இவ்வளவு விலை கொடுத்துத் திரும்பப் பெற்ற இரவை, விளக்கொன்றைத் தேரத் தெரியாமையால் ஆபத்துக்குரியதாக்குவது அறிவுடைமையாகுமா?

ஆபத்துகள் யாவை என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். முதலாவது காலடியிற் கிடப்பது. இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஓராண்டுக் காலத்தில் 80,000க்கு மேற்பட்டோரைப் பாம்பு தீண்டியது என்றும், அவர்களுள் 30,000க்கு மேற்பட்டோருக்கு விடமேறியது என்றும், 464 பேர் மாண்டனர் என்றும் அது மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. வைக்கோலோடு வைக்கோலாகக் கிடக்கும் கண்ணாடி விரியன் வரம்பில் நடப்பவனின் கணுக்காலைத் தேடுகிறது. கட்டுவிரியனோ இரவிற் பாயோரமாக வந்து உறங்குபவரைத் தீண்டுகிறது. அதன் கடியில் நோவு குறைவு. ஆகையாற் பலர் தீண்டப்பட்டதையே உணர்வதில்லை. வாடியின் மண்தரையிற் பாய் விரித்துப் படுக்கும் காவற்காரருக்கு இதைவிடப் பெரிய பகை வேறில்லை.

இரண்டாவது ஆபத்து தொலைவில் நிற்பது. வெல்லாவெளி, உன்னிச்சை, கிரான், வாகரைப் பக்கங்களில் யானையின் பெயரைச் சொன்னால் விளக்கம் வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில் இந்நாட்டில் 150க்கு மேற்பட்ட மனிதரும் 400க்கு மேற்பட்ட யானைகளும் ஒருவரோடொருவர் மோதிய மோதலில் மடிந்தனர். கரிய இருளிற் கரிய உருவம் அசையாது நின்றால், பத்தடி தூரம் நெருங்கும் வரை கண்ணுக்குத் தென்படாது. தென்பட்டபின் ஓடித் தப்பலாமென்று எண்ணுவது பேதைமை. யானை மனிதனிலும் விரைவாக ஓடும்.

மூன்றாவது நீரில் இருப்பது. வாவியில் முதலை உண்டென்பதை மீனவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. நான்காவது ஆபத்து மனிதனிடமிருந்தே வருவது. 2011 ஆகஸ்ட் மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் பீதி கிழக்கெங்கும் பரவியபொழுது, பொழுது பட்டபின் பெண்கள் வாசற்படி தாண்ட அஞ்சியதை நாம் மறக்கவில்லை. இருட்டான ஒழுங்கையில் தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு அவ்வச்சம் அந்த மாதத்தோடு முடிந்துவிட்டது என்று யார் கூறுவார்?

காலடியில் ஒன்று, தொலைவில் ஒன்று, நீரில் ஒன்று, ஒழுங்கையில் ஒன்று. ஆபத்து நான்கு விதமானால் அதற்கேற்ற ஒளியும் வெவ்வேறாகத்தானே இருத்தல் வேண்டும்? கடைத்தெருவோ ஒரே ஒரு விடையைத்தான் வைத்திருக்கிறது: “பெரிய எண் உள்ளதை வாங்குங்கள்.”

அண்மையில் நகர்க் கடையொன்றில் நாம் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். படுவான்கரையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் கைக்கு அடக்கமான விளக்கொன்றைத் தூக்கிப் பார்த்து, “தம்பி, இது எவ்வளவு தூரத்துக்கு அடிக்கும்?” என்று கேட்டார். கடைப்பையன் பெட்டியைத் திருப்பிக் காட்டி, “ஒரு இலட்சம் லூமன் ஐயா! ஊரே பகலாகும்” என்றான். முதியவர் கேட்டது தூரத்தை. பையன் கொடுத்ததோ வேறொரு கணக்கை. அக்கணக்கும் பொய். அவர் மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பையன்மீது நமக்குச் சினமில்லை. பெட்டியில் இருந்ததை அவன் படித்தான். பெட்டியில் இருப்பதைச் சோதிக்க நமக்குத் தெரியவேண்டும் என்பதே நாம் அங்கு கற்ற பாடம்.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலுமாக வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. அவ்வொளியை ஒரே திசையில் எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதைக் காட்டும் அளவு கண்டெலா. குளத்தில் எவ்வளவு தண்ணீர் உண்டு என்பது லூமன். மடைவாயில் அது எவ்வளவு விசையோடு பாய்கிறது என்பது கண்டெலா. லூமன் மிகுந்தும் கண்டெலா குறைந்தும் உள்ள விளக்கு முற்றத்தை நிரப்பும். வட்டையின் மறுகரையைக் காட்டாது. கண்டெலா மிகுந்த விளக்கு மறுகரையைக் காட்டும். ஆனால் அகலம் சுருங்கியிருப்பதனாற் காலடியில் ஒரு வட்டத்தை மட்டும் காட்டிச் சுற்றிலும் இருட்டாக்கிவிடும்.

அமெரிக்காவில் 2009இல் கைவிளக்குகளை அளப்பதற்கென எஃப்.எல். 1 என்னும் அளவுமுறை வகுக்கப்பட்டது. நல்ல தயாரிப்பாளர் அதன்படியே பெட்டியில் லூமன், கண்டெலா, தூரம், எரியும் நேரம் ஆகியவற்றைக் குறிக்கின்றனர். இதில் தூரம் என்பது முழுநிலவின் ஒளியளவு, அதாவது கால் லக்ஸ் வெளிச்சம், விழும் இடம்வரை கணக்கிடப்படுவது. கணக்கு எளியது: கண்டெலாவின் வர்க்கமூலத்தைக் கண்டு இரண்டாற் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 2,500 கண்டெலாவுக்கு 100 மீற்றர். 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர். முழுநிலவு ஒளியிற் பற்றைக்குள் நிற்கும் யானையை அடையாளம் காண இயலுமா? இயலாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆகையால் பெட்டி சொல்லும் தூரத்திற் பாதியையே நமது தூரமாகக் கொள்ளுதல் தகும். எரியும் நேரமும் அவ்வாறே: தொடக்க ஒளியிற் பத்தில் ஒரு பங்காகக் குன்றும்வரை உள்ள நேரமே அது, முழு ஒளியோடு எரியும் நேரமன்று.

இனி அந்த ‘ஒரு இலட்சம் லூமன்’ கணக்கைப் பார்ப்போம். இன்றைய கைவிளக்குகளில் இருப்பது எல்.ஈ.டி. என்னும் ஒளிகாலும் இருவாயி. அதன் வெள்ளொளிக்கு அடிப்படையான நீல இருவாயியை ஆக்கியமைக்காக ஜப்பானிற் பிறந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா என்னும் மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பழைய இழை மின்குமிழ் ஒரு வாற்று வலுவுக்குச் சுமார் 10 லூமன் மட்டுமே தந்தது. இவ்விருவாயி 100 லூமன் அளவுக்குத் தருகிறது. அப்படியிருந்தும் ஒரு இலட்சம் லூமன் வேண்டுமானால் 1,000 வாற்று வேண்டும். அது துணி தேய்க்கும் மின்னழுத்தி இழுக்கும் வலு. உள்ளங்கையில் அடங்கும் குழாய் அவ்வளவு வலுவை இழுத்தாற் கை வெந்துபோகாதா?

எரியும் நேரத்தையும் இப்படியே சோதிக்கலாம். கையடக்க விளக்குகளிற் பெருவழக்காக உள்ளது 18650 என்னும் லிதியம் அயன் பற்றரி. 18 மில்லிமீற்றர் குறுக்களவும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையதாகையால் அதற்கு அப்பெயர். 3,000 மில்லி அம்பியர் மணி கொள்ளும் நல்ல பற்றரி ஒன்று 3.6 வோல்ற்றில் 10.8 வாற்று மணி சக்தியைத் தரும். அதைக்கொண்டு 100 லூமன் ஒளியைச் சுமார் 10 மணி நேரம் பெறலாம். 1,000 லூமனை ஒரு மணி நேரம் பெறலாம். “5,000 லூமன், 10 மணி நேரம்” என்று ஒற்றைப் பற்றரி விளக்கின் பெட்டி சொல்லுமானால் அது கணக்குக்கு அடங்காத கூற்று. மற்றுமொரு தந்திரமும் உண்டு. இவ்வகைப் பற்றரியில் 3,500 மில்லி அம்பியர் மணி என்பதே மிகச் சிறந்த தரத்துக்குரியது. 4,000ஐ எட்டுவது அரிது. ஆனால் 9,900 என்று அச்சிட்ட பற்றரிகள் தாராளமாக விற்கப்படுகின்றன. அவ்வெண்ணைக் கண்டதும் வாங்காது திரும்பிவிடுங்கள். எண்ணில் பொய் சொன்னவர் பாதுகாப்பில் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க இடமில்லை.

எண்ணை நம்பக்கூடாதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? உங்கள் இரவைப் பார்த்து வாங்குங்கள் என்பதே எமது விடை.

கமக்காரரின் இரவில் இரண்டு வேலைகள் உண்டு. வரம்பில் நடக்கையிற் காலடி தெரிய வேண்டும். வாடியில் நிற்கையில் வட்டையின் ஓரம் தெரிய வேண்டும். கூடுமாயின் இரண்டு விளக்கு நன்று: நடப்பதற்கு அகன்ற ஒளியுள்ள சிறியதொன்று, தொலைவுக்குக் குவிந்த ஒளியுள்ளதொன்று. ஒன்றுதான் இயலுமெனில், 10,000 கண்டெலாவுக்குக் குறையாததும், தாழ்ந்த ஒளிக்கும் மாற்றத்தக்கதும், நடுவில் குவிந்து ஓரத்திற் பரந்து விழுவதுமான விளக்கைத் தேடுக. மஞ்சள் சாயல் கலந்த, நிறங்களை நன்கு பிரித்துக் காட்டும் ஒளி மேலானது. நீலம் பூத்த ஒளியில் வைக்கோலும் விரியனும் ஒரே நிறமாய்த் தோன்றும். ஒளியைத் தலைக்குமேலே பிடியாது இடுப்பளவிலே தாழ்த்திப் பிடித்தால் வரம்பிற் கிடக்கும் ஒவ்வொரு மேடும் நிழல் காட்டும்; பாம்பும் நிழல் காட்டும். உறங்கப் போகையில் விளக்கு பாயின் தலைமாட்டில் கைக்கெட்டும் இடத்திலிருக்க வேண்டும். காலை நிலத்தில் ஊன்றுமுன் ஒளியை ஊன்றுக.

மீனவருக்கு முதல் நிபந்தனை நீர். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறியிருந்தால் அது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. ஐ.பி.எக்ஸ். 7 என்றிருந்தால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். தோணியிலிருப்பவர் இதற்குக் குறைந்ததை வாங்கலாகாது. வாங்கியதும் வீட்டிலே ஒரு வாளி தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்த்துவிடுவது நல்லது. வாவியிற் சோதிப்பதைவிட வாளியிற் சோதிப்பது மலிவானது. இரு கைகளும் வலையில் இருப்பதனால் நெற்றியிற் கட்டும் தலைவிளக்கே அவருக்கு ஏற்றது. அதில் மற்றுமொரு நன்மையும் உண்டு. முதலையின் கண் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் தன்மையுடையது. ஆகவே ஒளி நம் கண்ணுக்கு அருகிலிருந்து புறப்பட்டாற்றான் அக்கண்களின் பளபளப்பு நமக்குத் தெரியும். வாவி நீர் உப்புக் கலந்தது. வேலை முடிந்ததும் விளக்கை நன்னீரிற் கழுவித் துடைத்து, மூடியிலுள்ள றப்பர் வளையத்தில் உப்பும் மணலும் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாதியர், வைத்தியர், ஆசிரியர், அலுவலர் முதலியோருக்கு வேண்டுவது சட்டைப்பையிலோ கைப்பையிலோ தங்கும் சிற்றளவுதான். கடைக்கு நம்முடன் வராத பெரிய விளக்கைவிட எப்பொழுதும் உடனிருக்கும் சிறிய விளக்கு ஆயிரம் மடங்கு மேலானது. தாழ்ந்த நிலையில் 5 அல்லது 10 லூமன், நடப்பதற்கு 100 லூமன், தேவையேற்படின் 300 முதல் 500 லூமன் எனப் படிப்படியாக ஒளி தரவேண்டும். ஆனால் அச்சம் வந்த வேளையிற் படிப்படியாக அழுத்திக்கொண்டிருக்க நேரமிராது. ஒரே அழுத்தில் உச்ச ஒளி வரும் பொத்தானுள்ளதே சிறந்தது. இருட்டிலே தடவினாலும் விரலுக்குப் பிடிபடும் இடத்தில் அப்பொத்தான் இருக்கவேண்டும். மணிக்கட்டிற் கோத்துக்கொள்ள ஒரு கயிறு இருப்பது நன்று. கைப்பைக்குள் தானே எரிந்து தீராதவாறு பூட்டும் வசதியும் வேண்டும்.

சிலர் ‘கண்ணைக் குருடாக்கி எதிரியை வீழ்த்தும்’ என்று விளம்பரப்படுத்தும் துடிப்பொளியை நம்பி வாங்குகின்றனர். விளக்கு ஓர் ஆயுதமன்று. தொலைவிலேயே எதிரே நிற்பவனைக் காட்டி, திரும்பிச் செல்லவும் ஒளி வீசிப் பிறரை அழைக்கவும் நமக்கு அது நேரம் தருகிறது. அந்த நேரமே பாதுகாப்பு. யானையின் முகத்தில் துடிப்பொளியை அடித்து விளையாடுவதும் அறிவீனம். மிரண்ட யானை எத்திசையிற் பாயுமென்று யாரறிவார்? காண்பதற்கு ஒளி, கண்டபின் விலகுவதற்குக் கால். தெருவில் எதிரே வரும் சைக்கிள்காரர் முகத்தில் உச்ச ஒளியை வீசுவதும் அவ்வாறே தீது. இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால் முழுமையாக மீளுவதற்கு 20 முதல் 30 நிமிடம் செல்லும்.

“கைத்தொலைபேசியிலேயே ஒளி இருக்கிறதே, தனி விளக்கு எதற்கு?” என்று இளைஞர் கேட்பர். தொலைபேசியின் ஒளி முற்றத்தில் விழுந்த திறப்பைத் தேடப் போதும். அது குவியாத ஒளி. சில மீற்றருக்கு அப்பால் உதவாது. மழையில் நனையும், கை வழுகினால் உடையும். இவையெல்லாவற்றையும்விடப் பெரிய குற்றமொன்றுண்டு. ஆபத்து வந்தபின் 119இற் பொலிசாரையும் 1990இல் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியையும் அழைக்க வேண்டியது அதே தொலைபேசிதான். ஒளிக்காக அதன் பற்றரியைத் தீர்த்துவிட்டால், பாம்பு தீண்டியவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல யாரை, எதைக்கொண்டு அழைப்பது? கண்ணையும் வாயையும் ஒரே பற்றரியிற் கட்டிவைப்பது புத்திசாலித்தனமன்று. பாம்பு தீண்டியபின் வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டா. தீண்டிய உறுப்பை அசையாது வைத்து விரைவாக அரசாங்க வைத்தியசாலையை அடைவதே வேண்டும். அதற்கும் முதலில் வேண்டியது பேசக்கூடிய தொலைபேசி.

மின்னேற்றும் பற்றரியா, கடையில் வாங்கிப் போடும் உலர் பற்றரியா என்பதும் எண்ணற்குரியது. நாள்தோறும் எரிப்பவருக்கு மின்னேற்றும் பற்றரியே சிக்கனம். ஆனால் 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை நாம் கண்டோம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியதைக் கண்ட மூத்தோர், அதன்பின் வந்த இருண்ட நாட்களையும் அறிவர். ஆகவே வீட்டுக்கொன்றாவது டபிள் ஏ என்னும் சாதாரணப் பற்றரியில் எரிவதாக இருக்கட்டும்; அது எந்தப் பெட்டிக்கடையிலும் அகப்படும். பயன்படுத்தாத காலத்தில் உலர் பற்றரியை வெளியே எடுத்துவைத்தால் அது கசிந்து விளக்கைக் கெடுக்காது.

லிதியம் பற்றரியை மதித்து நடத்துதல் வேண்டும். உறை கிழிந்ததையும் நசுங்கியதையும் பயன்படுத்தலாகாது. திறப்புக்கோவையோடும் சில்லறைக் காசோடும் தனியாகச் சட்டைப்பையில் இடலாகாது. உலோகம் இரு முனைகளையும் தொடுத்தால் தீப்பற்றும். உறங்கும் பாயருகிலும் வைக்கோலருகிலும் வைத்து மின்னேற்றுவதை விலக்குக.

இவ்வளவும் எழுதியபின் ஓர் உண்மையை மறைக்காது கூறவேண்டும். கைவிளக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. யானை வேலியைப் பழுதுபார்க்காதவர்கள், “டோச் கொடுத்தோமே” என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாகாது. வைத்தியசாலைக்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் இடையிலுள்ள தெருவிளக்கு எரியாதிருக்க, தாதியின் கைப்பையிலுள்ள விளக்கைக் காட்டி உள்ளூராட்சிச் சபைகள் கடமை முடிந்ததென்று கருதலாகாது. படுவான்கரைக்கு மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை நம் மக்கள் ஓடத்துக்காகத் துறையிற் காத்துக்கிடந்தனர். பாலத்தைக் கேட்டுப் பெற்றோம். பாலத்தைக் கடந்தபின் இருக்கும் இருளுக்கும் அவ்வாறே கேட்கவேண்டும். கைவிளக்கு தனியாளின் காவல். தெருவிளக்கும் வேலியும் ஊரின் காவல். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஆயினும் ஊரின் காவல் வரும்வரை தனியாள் இருளில் நிற்கவேண்டியிருக்கிறது. அவனுக்கு விளக்கு வாங்கிக் கொடுக்கவேண்டியவர் யார்? போடியாரின் செலவுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். விதைநெல் ஏறியிருக்கும், பசளை ஏறியிருக்கும், உழவு இயந்திரக் கூலி ஏறியிருக்கும். காவற்காரனின் விளக்கு எந்த வரியில் ஏறியிருக்கிறது? நெல்லைக் காக்க அவனை அனுப்புகிறோம். அவனைக் காக்க எதை அனுப்புகிறோம்? நாட்கூலிக்காரன் தன் கூலியிலிருந்து வாங்கட்டும் என்பது நியாயமன்று. அப்படி வாங்க நேர்வதனாற்றான் அவன் மலிவான பொய்ப் பெட்டியை நாடுகிறான். அரிசி ஆலை முதலாளியும், காவலாளரை இரவிற் பணிக்கு நிறுத்தும் நிறுவனங்களும், தாதியரை நள்ளிரவிற் கடமை மாற்றும் நிருவாகங்களும் இக்கேள்விக்கு விடை கூறவேண்டியவர்களே.

கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் முன்வரலாம். தனியொருவர் வாங்கினாற் கடைக்காரர் சொன்னதே விலை, பெட்டி சொன்னதே தரம். ஐம்பது பேர் கூடி வாங்கினால் ஒன்றைத் திறந்து வாளியில் அமிழ்த்திப் பார்க்கலாம். இரவிலே வட்டைக்குக் கொண்டுசென்று அடித்துப் பார்க்கலாம். ஓரிரவு முழுவதும் எரித்துப் பார்க்கலாம். தேறியதை மொத்தமாக வாங்கலாம். படித்த வாசகர்களுக்கும் இங்கொரு கடமையுண்டு. பெட்டியிலுள்ள ஆங்கில எழுத்தைப் படித்து, கண்டெலா இது, நீர்காப்பு இது என்று அயலவருக்குச் சொல்லுவது பெரிய தியாகமன்று. அரை நாழிகை வேலை. அதனால் ஓருயிர் தப்புமாயின் கற்ற கல்விக்கு வேறு பயன் தேடவேண்டியதில்லை.

அரசாங்கத்துக்கும் ஒன்று கூறுவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அமைந்திருக்கிறது. பொருளைப்பற்றிப் பொய்யான கூற்றுகளைச் சொல்லி விற்பதை அச்சட்டம் தடுக்கிறது. ஒரு இலட்சம் லூமன் என்றும் 9,900 மில்லி அம்பியர் மணி என்றும் அச்சிட்டு விற்பது பொய்க் கூற்றன்றி வேறென்ன? அரிசியின் நிறையிற் பத்துக் கிராம் குறைந்தாற் குற்றம். உயிர்காக்கும் ஒளியிற் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தாற் குற்றமில்லையா? ஏமாற்றப்பட்டோர் 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம், முறையிட வேண்டும். வாய்மூடியிருந்தால் அடுத்த பெட்டியில் இரண்டு இலட்சம் என்று அச்சிடுவர்.

மாரிப் போகத்து நெல் கதிர்விட்டுத் தலைசாயும் காலத்தில் யானையும் வரும், காவலும் தொடங்கும். உன்னிச்சைக் குளத்தின் கீழும் நவகிரிக் குளத்தின் கீழும் வாடிகள் எழும். அவ்வாடிக்கு அரிசியும் புளியும் கட்டிக் கொடுக்கும் வீட்டார், கூடவே நல்ல விளக்கொன்றையும் மாற்றுப் பற்றரியொன்றையும் வைத்துக் கட்டிக் கொடுக்கட்டும். கட்டுமுன் ஒருமுறை முற்றத்திற்கு இறங்கி, எரித்துப் பார்க்கட்டும். வேலிக்கப்பால் நிற்கும் பனையின் வட்டு தெளிவாகத் தெரிகிறதா, காலடியில் ஊரும் எறும்பு தெரிகிறதா, அழுத்தியவுடன் எரிகிறதா என்று மூன்றையும் பார்க்கட்டும். மூன்றுக்கும் ஆமென்றால் அவ்விளக்கு போதும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலென்ன?